ஏழாம் வருடத்துக் கணக்கு

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் நம் சபைகள் பலவற்றில் வாக்குத்தத்த வசன அட்டை கொடுப்பார்கள். சிறிய தாளில் ஒரு வசனம். வருடம் முழுவதும் அது வீட்டுச் சுவரிலோ வேதாகமத்தின் நடுவிலோ இருக்கும். அப்படிக் கிடைக்கும் வசனங்களில் பலரும் ஆசைப்படுவது உபாகமத்திலிருந்து வருவது. தேவனுடைய ஜனம் கடன் வாங்கும் நிலைக்குப் போகாது, பிறருக்குக் கடன் கொடுக்கும் நிலைக்கு உயரும் என்ற வாக்குறுதி அது. 28ஆம் அதிகாரத்திலும் இருக்கிறது. 15ஆம் அதிகாரத்தின் ஆறாம் வசனத்திலும் இருக்கிறது. கடனில் மூழ்கிய ஒரு வீட்டுக்கு அந்த அட்டை தரும் ஆறுதலை நான் குறைத்து எண்ணவில்லை. ஆனால் 15ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தால்தான் அந்த வாக்குறுதி எதன் மேல் நிற்கிறது என்று தெரியும். ஏழு வருடத்துக்கு ஒருமுறை, கடன் கொடுத்த ஒவ்வொருவரும் தம் சகோதரனிடம் வரவேண்டியதை விட்டுவிட வேண்டும் என்ற கட்டளையோடு அந்த அதிகாரம் தொடங்குகிறது. கடன் கொடுக்கும் அளவுக்கு வளம் பெறுவது ஆசீர்வாதம் என்றால், ஏழாம் வருடத்தில் பத்திரத்தைக் கைவிடும் கடமை அந்த ஆசீர்வாதத்தோடு சேர்ந்தே வருகிறது. இரண்டையும் பிரித்து ஒன்றை மட்டும் சுவரில் மாட்ட வேதாகமம் இடம் கொடுக்கவில்லை.

இந்தக் கட்டுரை கடனைப் பற்றிய வேத பகுதிகளை, அவை சொல்கிறபடியே, கடனைப் பற்றியவையாக வாசிக்கும் முயற்சி. நம் பிரசங்கங்களில் இவை பெரும்பாலும் பாவமன்னிப்பின் உருவகங்களாக மாறிவிடுகின்றன. அந்த வாசிப்பு தவறு என்று நான் சொல்லவில்லை. அதற்கு நற்செய்தி நூல்களிலேயே அடிப்படை உண்டு. ஆனால் உருவகம் மட்டும் மிஞ்சி, வட்டியும் அடகும் மறைந்துவிட்டால் இழப்பு பெரிது. வேதாகமம் கடன் விடுதலையைக் கடன் கொடுத்தவருடைய இரக்கத்துக்கு விட்டுவைக்கவில்லை. அதை நாள்காட்டியில் எழுதி வைத்தது. இரக்கம் வரும் நாளில் வரும். குறித்த நாள் இரக்கத்துக்காகக் காத்திராது. இந்த வேறுபாடுதான் இன்றைய உலகுக்கு அந்தப் பக்கங்கள் சொல்லும் முக்கியமான செய்தி என்று நினைக்கிறேன்.

முதலில் சின்னச் சின்னச் சட்டங்களைப் பார்ப்போம். யாத்திராகமம் 22 ஏழையிடம் வட்டி வாங்குவதைத் தடுக்கிறது. அவன் போர்வையை அடகாக வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது. இரவில் போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறு துணி இல்லை என்பதே அங்கு சொல்லப்படும் காரணம். உபாகமம் 24 திரிகைக் கல்லை அடகாக எடுக்கக் கூடாது என்கிறது. அன்றாடம் மாவரைத்துச் சாப்பிடும் வீட்டில் கல்லை எடுப்பது உயிரை எடுப்பதற்குச் சமம். அதே அதிகாரத்தில் இன்னொரு விதி உண்டு. அடகுப் பொருளை வாங்க வருகிறவன் கடன்பட்டவனின் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். கடன்பட்டவனே பொருளை எடுத்து வந்து கொடுப்பான். கடன் வாங்கியவனுக்கும் வாசற்படி உண்டு, அதற்குள் மனைவி மக்கள் முன்னால் மானத்தோடு இருக்கும் உரிமை அவனுக்கு உண்டு என்று அந்தச் சட்டம் கருதியது.

இந்தச் சட்டங்கள் காகிதத்தோடு நிற்கவில்லையா என்று கேட்டால், நின்றன என்பதற்கு வேதாகமமே சாட்சி. அடகு வாங்கிய துணிகளை விரித்துப் பலிபீடங்களின் அருகே படுத்திருப்பவர்களை ஆமோஸ் கண்டிக்கிறார். 2 இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தில் ஒரு விதவை எலிசாவிடம் அழுதபடி வருகிறாள். இறந்த அவள் கணவன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தைச் சேர்ந்தவன், தெய்வபயம் உள்ளவன். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். எண்ணெய் பெருகிய அற்புதத்துக்காக அந்தக் கதையை நினைவில் வைத்திருக்கிறோம். அந்த எண்ணெய் எதற்குப் பயன்பட்டது என்பதையும் நினைக்க வேண்டும். அதை விற்றுக் கடனை அடை, மீதியில் பிழைத்துக்கொள் என்கிறார் எலிசா.

அக்காலத்துக் கடன் தொழில் தொடங்க வாங்கிய கடன் அல்ல. யூதேய மலைநாட்டில் விவசாயம் மழையை நம்பியது. ஒரு பருவம் பொய்த்தால் விதைக்க வைத்திருந்த தானியத்தையே சாப்பிட வேண்டும். அடுத்த பருவத்துக்கு விதை கடனாக வாங்க வேண்டும். மறுபடி பொய்த்தால் நிலம் அடகுக்குப் போகும், அதன்பின் மகளோ மகனோ போவார்கள். விதை, நிலம், பிள்ளை என்ற இந்தச் சரிவைத் தெரிந்தவர்கள் எழுதிய சட்டம்தான் லேவியராகமம் 25.

அந்த அதிகாரத்தின் கணக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். யூபிலி எனப்படும் ஐம்பதாம் வருடம், ஏழாம் மாதம் பத்தாம் நாள், பாவநிவாரண நாளில் எக்காளம் ஊதப்படும். அன்று விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பும். விலைபோன மனிதனும் தன் வீட்டுக்குத் திரும்புவான். இது கனவு போலத் தோன்றலாம். ஆனால் 15, 16ஆம் வசனங்கள் விலையை எப்படிக் கணக்கிடுவது என்று சொல்கின்றன. அடுத்த யூபிலிக்கு எத்தனை வருடம் மீதியோ அதற்கேற்ப விலை கூடும் அல்லது குறையும். விற்பனையாவது மண் அல்ல, இத்தனை அறுவடை. ஆகவே யூபிலி வருடத்தில் நிலத்தைத் திருப்பித் தருபவர் ஏமாற்றப்படுவதில்லை. அவர் விலை கொடுத்த அறுவடைகள் அனைத்தும் அவர் களத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. நம் ஊர் வழக்கில் சொன்னால் இது நிரந்தரக் கிரயத்தைத் தடுத்து, எல்லாக் கிரயத்தையும் காலம் குறித்த குத்தகையாக மாற்றும் சட்டம். நிலம் கர்த்தருடையது, மனிதர் அதில் தங்கிப் போகிறவர்கள் என்ற இறையியல் 23ஆம் வசனத்தில் வருகிறது. அந்த இறையியலுக்கு இந்த அதிகாரம் விலைக் கணக்கு எழுதியிருக்கிறது என்பதே என்னை வியக்க வைப்பது.

மதில் சூழ்ந்த நகரத்து வீடுகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. விற்றவர் ஒரு வருடத்துக்குள் மீட்கலாம், தவறினால் வாங்கியவருக்கே சொந்தம். இந்த விதிவிலக்கு சட்டத்தின் நோக்கத்தைத் தெளிவாக்குகிறது. எல்லாச் சொத்தையும் சமமாக்குவது அதன் வேலை அல்ல. ஒரு குடும்பம் பிழைக்கும் வழியை அது என்றென்றைக்குமாக இழக்கக் கூடாது என்பதே வேலை.

கடன் ரத்து இஸ்ரவேலரின் கண்டுபிடிப்பு அல்ல. அவர்களுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாபிலோனிய அரசர்கள் அதைச் செய்தார்கள். ஹம்முராபியின் 117ஆம் சட்டம், கடனுக்காக விற்கப்பட்ட மனைவி மக்கள் மூன்று வருடம் உழைத்தால் நான்காம் வருடம் விடுதலை என்கிறது. அவர் வழிவந்த அம்மிசதுக்காவின் கடன் ரத்து ஆணை களிமண் பலகைகளில் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த ஆணைகள் அரசன் விரும்பிய நாளில் வந்தன, பெரும்பாலும் அவன் பட்டமேறிய காலத்தில். மோசேயின் சட்டமான தோரா அரசனை அந்த இடத்திலிருந்து விலக்கியது. ஏழாம் வருடம் யார் ஆண்டாலும் ஏழாம் வருடம்தான்.

இந்த வேறுபாடு பழங்கால ஆராய்ச்சிக்கு மட்டும் உரியது அல்ல. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. சட்டமன்றத் தேர்தலுக்கு அப்போது இரண்டு மாதம்தான் இருந்தது. அந்தத் தள்ளுபடியால் மூச்சு விட்ட குடும்பங்கள் உண்மையானவை. அதை எதிர்ப்பவன் அல்ல நான். ஆயினும் அது பாபிலோனிய வகையைச் சேர்ந்தது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு உள்ளவருக்குக் கிடைத்தது. தனியாரிடம் வட்டிக்கு வாங்கிய நிலமற்ற கூலித் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை.

வேதாகமத்தில் கடன் விடுதலை உண்மையில் நடந்ததாகச் சொல்லும் இடங்கள் குறைவு. அவற்றில் இரண்டு மறக்க முடியாதவை. ஒன்று எரேமியா 34. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்ட நேரத்தில் சிதேக்கியா அரசன் மக்களோடு உடன்படிக்கை செய்து எபிரெய அடிமைகளை விடுவிக்கிறான். முற்றுகை சற்றே தளர்ந்ததும் விடுவித்தவர்களையே மறுபடி பிடித்து அடிமையாக்குகிறார்கள். ஆபத்தில் பிறந்த இரக்கம் ஆபத்து நீங்கியதும் போய்விட்டது. எரேமியாவின் கோபம் முழுவதும் அந்தப் பின்வாங்கலின் மேல்தான்.

மற்றது நெகேமியா ஐந்தாம் அதிகாரம். கடனைப் பற்றி எழுதப்பட்ட பழைய ஆவணங்களில் இதைப் போல நேரடியானது அரிது என்பேன். பாரசீக அரசன் அர்தசஷ்டாவின் அரண்மனையிலிருந்து வந்த நெகேமியா எருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருக்கிறார், காலம் கி.மு. 445ஐ ஒட்டியது. வேலையின் நடுவே ஜனங்களும் அவர்களுடைய பெண்களும் கூக்குரலிடுகிறார்கள். பெண்களும் சேர்ந்து கூப்பிட்டார்கள் என்று ஆசிரியர் தனியே குறிப்பிடுவதைக் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் அதிகம், சாப்பிடத் தானியம் வேண்டும் என்கிறார்கள் சிலர். பஞ்சத்தில் தானியம் வாங்க வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்தோம் என்கிறார்கள் சிலர். அரசனுக்கு வரி கட்டவே கடன் வாங்கினோம் என்கிறார்கள் வேறு சிலர். எங்கள் மகள்களில் சிலர் ஏற்கெனவே அடிமைகளாகிவிட்டார்கள், மீட்க வழியில்லை, நிலம் அடுத்தவர் கையில் இருக்கிறது என்று முடிக்கிறார்கள். கடன் கொடுத்தவர்கள் அந்நியர் அல்ல. பக்கத்தில் நின்று மதில் கட்டும் அதே சமூகத்தின் பெரியவர்கள்.

நெகேமியா மிகவும் கோபமடைகிறார். பெரியவர்களைத் தனியே அழைத்துச் சமாதானம் பேசவில்லை. பெரிய சபையைக் கூட்டுகிறார். அந்நியருக்கு விற்கப்பட்ட சகோதரரை நாம் மீட்டு வந்தோம், நீங்கள் மறுபடி விற்கிறீர்களே என்று கேட்கிறார். அவர்களுக்குப் பதில் இல்லை. அடுத்து அவர் சொல்வதுதான் அதிகாரத்தின் இதயம். நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும் இவர்களுக்குப் பணமும் தானியமும் கடன் கொடுத்திருக்கிறோம், இதை நாம் விட்டுவிடுவோம் என்கிறார். கூட்டத்தின் முன்னால் நிற்கும் ஆளுநரே கடன் கொடுத்தவர்களின் பட்டியலில் இருக்கிறார், அதை அவரே எழுதி வைக்கிறார். பிறகு வயல்களையும் தோட்டங்களையும் வீடுகளையும், வாங்கிய நூற்றுக்கொரு பங்கையும் இன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். சம்மதித்தவர்களின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் ஆசாரியர்களை வரவழைத்து ஆணையிடச் செய்கிறார்.

ஐந்து அதிகாரம் தாண்டி, பத்தாம் அதிகாரத்தின் 31ஆம் வசனத்தில், ஜனங்கள் எழுதி முத்திரையிட்ட உடன்படிக்கை ஒன்று வருகிறது. ஏழாம் வருடத்தில் நிலத்தைச் சும்மா விடுவோம், எல்லாக் கடனையும் விட்டுவிடுவோம் என்பது அதில் ஒரு பிரிவு. இந்த இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசிப்பவர்கள் குறைவு. ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு மனிதரின் கோபம் கடனை ரத்து செய்தது. பத்தாம் அதிகாரத்தில் ஒரு சமூகம் அந்தக் கோபத்தை நம்பியிராமல் இருக்க நாள்காட்டிக்குத் திரும்பியது.

கடன் ரத்தாகும் என்று தெரிந்தால் யார் கடன் கொடுப்பார்கள் என்ற கேள்வி இன்றைய பொருளாதார வல்லுநர்களின் முதல் கேள்வி. உபாகமம் அதை முன்பே அறிந்திருந்தது. ஏழாம் வருடம் நெருங்குகிறதே என்று எண்ணி ஏழைக்குக் கொடுக்காமல் கையை மூடிக்கொள்ளாதே, அவன் உன்மேல் முறையிட்டால் அது உனக்குப் பாவமாகும் என்று 15:9 எச்சரிக்கிறது. எச்சரிக்கை போதவில்லை. கடன் கொடுப்பதையே மக்கள் நிறுத்திவிட்டதைக் கண்ட யூத ஆசான் ஹில்லேல், புரோஸ்புல் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார் என்கிறது யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. கடன் பத்திரத்தை நீதிமன்றத்தின் பொறுப்பில் விட்டால் ஏழாம் வருடம் அதைத் தொடாது, பின்னும் வசூலிக்கலாம். யூதேயப் பாலைவனத்தின் வாதி முரப்பாத் குகைகளில், நீரோ அரசனின் இரண்டாம் ஆண்டில் எழுதப்பட்ட கடன் பத்திரம் ஒன்று கிடைத்தது. ஏழாம் வருடமாக இருந்தாலும் திருப்பித் தருவேன் என்று கடன் வாங்கியவர் அதில் ஒப்புக்கொள்கிறார். இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெரிகின்றன. முதல் நூற்றாண்டிலும் ஏழாம் வருடச் சட்டம் உயிரோடு இருந்தது, இல்லையென்றால் அதைத் தாண்டிச் செல்ல வாசகம் தேவைப்பட்டிராது. அந்தத் தாண்டுதலும் வழக்கமாகிவிட்டிருந்தது.

ஹில்லேலைக் குறை சொல்வது எளிது. அவர் எண்ணியது ஏழைக்குக் கடன் கிடைக்க வேண்டும் என்பதைத்தான். ஆனால் விளைவு வேறு திசையிலும் போனது. கி.பி. 66இல் எருசலேமில் கலகம் வெடித்தபோது கிளர்ச்சிக்காரர்கள் ஆவணக் காப்பகத்தைக் கொளுத்தினார்கள். கடன் பத்திரங்கள் அழிய வேண்டும், கடன்பட்ட ஏழைகள் தம் பக்கம் சேர வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம் என்று வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். எக்காளம் ஊதி அமைதியாகச் செய்ய வேண்டியது தீயால் நடந்தது.

இயேசு வாழ்ந்ததும் பேசியதும் ஹில்லேலுக்கும் இந்தத் தீக்கும் இடைப்பட்ட காலத்தில்தான். நாசரேத்து ஜெப ஆலயத்தில் அவர் வாசித்த ஏசாயா 61 யூபிலியின் விடுதலை அறிவிப்பை எதிரொலிக்கும் பகுதி. தரித்திரருக்கு நற்செய்தி என்று கேட்டவர்களில் பத்திரம் எழுதிக் கொடுத்தவர்கள் இருந்திருப்பார்கள். மத்தேயு 18இல் அவர் சொன்ன கதையின் தொகைகளைப் பாருங்கள். அரசனிடம் ஊழியக்காரன் பட்ட கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 நாள் கூலி; ஆக அந்தக் கடன் ஆறு கோடி நாள் கூலி. தனி மனிதன் பட்டிருக்க முடியாத தொகை, ஒரு நாட்டின் வரிக்கு ஈடான தொகை. அதை மன்னிக்கப் பெற்றவன் வெளியே போய், நூறு நாள் கூலி தர வேண்டிய சக ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான். பாவமன்னிப்பைப் பற்றிய கதை இது, சந்தேகமில்லை. ஆனால் கேட்டவர்களுக்குக் கழுத்தைப் பிடிக்கும் கை உருவகம் அல்ல. மேலே பெருங்கடன் சரிசெய்யப்பட்டபின்பும் கீழே சிறுகடன் நெரிக்கும் என்பதை அவர்கள் தம் வாழ்வில் கண்டிருந்தார்கள்.

பின்னாளில் திருச்சபை இந்தப் பகுதிகளை எங்கேயாவது நிலத்தில் நடந்து பார்த்ததா? ஒரு இந்திய உதாரணம் எனக்கு மிகவும் மதிப்புள்ளது. இன்றைய ஜார்க்கண்டின் சோட்டாநாக்பூரில் முண்டா, உராவ்ன் மக்களின் நிலங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜமீன்தார்களிடமும் வட்டிக்காரர்களிடமும் போய்க்கொண்டிருந்தன. 1885இல் தோர்பாவுக்கு வந்த பெல்ஜிய இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவென்ஸ், நில வழக்குகளில் மக்களுக்குத் துணை நின்றார். அவருக்குப் பின் வந்த ஜெர்மானியக் குரு யோகான் ஹாஃப்மன் முண்டா மொழியையும் நில வழக்கங்களையும் ஆழமாகக் கற்றார். மிஷன்களின் மீதும் மக்களுக்கு நியாயமான கோபம் இருந்தது. 1899-1900இன் பிர்சா முண்டா எழுச்சியில் மிஷன் நிலையங்களும் தாக்கப்பட்டன. அந்த எழுச்சியின் அதிர்வில்தான் 1908இல் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் வந்தது. முண்டாக்களின் நில உரிமையைச் சட்டத்தில் பதிய வைத்ததில் ஹாஃப்மனின் அறிவுக்குப் பங்கு உண்டு.

அந்தச் சட்டத்தின் 46ஆம் பிரிவை லேவியராகமத்தின் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். குடியானவர் நிலத்தைப் புகுத் பந்தா என்ற வகையில் அடகு வைக்கலாம், ஏழு ஆண்டுக்கு மேல் வைக்கக் கூடாது. அடகுக் காலத்தில் நிலம் தரும் விளைச்சலிலேயே அசலும் வட்டியும் தீர்ந்ததாகக் கருதப்படும். நம் ஊர் ஒத்தியில் விளைச்சல் வட்டிக்குச் சரி, அசலைக் கையில் கொடுத்தால்தான் நிலம் திரும்பும். அசல் புரளாத வீட்டில் ஒத்தி தலைமுறைக்கும் நீளும். புகுத் பந்தாவில் நாள் முடிந்தால் நிலம் வீடு திரும்புகிறது. விற்பது மண் அல்ல, இத்தனை அறுவடை என்ற அதே கணக்கு. ஏழு என்ற எண் ஒத்துப்போவதைவிட இந்தக் கணக்கு ஒத்துப்போவதே பெரிது. அதே மூச்சில் கடனுக்கான மாற்றையும் ஹாஃப்மன் தேடினார். 1909இல் ராஞ்சியில் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கினார். உபாகமம் 15:9 எழுப்பும் சிக்கலுக்கு, விடுதலைச் சட்டம் வந்தால் கடன் வற்றிப்போகுமே என்ற சிக்கலுக்கு, ஹில்லேல் கண்டது பத்திரத்தைக் காப்பாற்றும் வழி. ராஞ்சியில் கண்டது ஏழைகளே ஒருவருக்கொருவர் கடன் கொடுக்கும் வழி. இரண்டாவதையே நான் தேர்வேன்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் யூபிலி என்ற சொல் உலக மேடைக்கு வந்தது. 1994இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், வரும் 2000ஆம் ஆண்டை ஏழை நாடுகளின் கடனைக் குறைக்கும் காலமாக்கலாம் என்று எழுதினார். பிரிட்டனில் மார்ட்டின் டென்ட் என்ற ஓய்வுபெற்ற பல்கலைக்கழக விரிவுரையாளரும் பில் பீட்டர்ஸ் என்ற முன்னாள் தூதரும் தொடங்கிய யூபிலி 2000 இயக்கம், 1998 மே 16இல் பர்மிங்ஹாமில் ஜி-8 மாநாடு நடந்த இடத்தைச் சுற்றி ஏறத்தாழ 70,000 பேரின் மனிதச் சங்கிலியை நிறுத்தியது. மறு ஆண்டு கொலோன் மாநாட்டில், பெருங்கடனில் சிக்கிய ஏழை நாடுகளுக்கான நிவாரணத் திட்டம் விரிவாக்கப்பட்டது. இதுவரை 37 நாடுகள் அதன் முழுப் பயனைப் பெற்றுள்ளன. கடைசியாக 2023 டிசம்பரில் சோமாலியா. நினைத்தே பார்க்க முடியாதது என்று சொல்லப்பட்ட ஒன்றைச் சாதாரண சபை மக்கள் சாதித்தார்கள். ஆனால் அது ஒருமுறை திறந்த கதவு. அடுத்த முறை எந்த நாடு விழுந்தாலும் விதிகளை முதலிலிருந்து பேச வேண்டியிருக்கிறது.

அப்படி விழுந்தது இலங்கை. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. பத்திரதாரர்களோடு மறுசீரமைப்பு முடிய 2024 டிசம்பர் ஆனது. நாட்டின் கடன் செய்தியாயிற்று. அதற்கு முன்பே வடக்கிலும் கிழக்கிலும் வேறொரு கடன் பெருகியிருந்தது. 2009இல் போர் முடிந்தபின் வந்த நுண்கடன் நிறுவனங்கள், கணவனை இழந்த, காணாமற்போனவரைத் தேடும் பெண்களின் வாசலில் வாரந்தோறும் நின்றன. குழுவில் ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடு, அக்கம்பக்கத்தையே வசூல்காரராக்கியது. 2018இல் ஐ.நா.வின் கடன் தொடர்பான சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹோஸ்லவ்ஸ்கி இலங்கை வந்து இந்தக் கடன்களை நேரில் விசாரித்தார். அதே ஆண்டு அரசு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்து, நுண்கடன் வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் வைத்தது. சிக்கல் தீரவில்லை, 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இதே கடன்களுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். நெகேமியா 5இன் முதல் வசனத்தில் பெண்கள் கூக்குரலிட்டதை நான் இவர்களை நினைக்காமல் வாசிக்க முடிவதில்லை.

தமிழ்நாட்டிலும் இந்தச் சட்டங்களின் தேவை தீரவில்லை. 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமைக் கடன் அனைத்தும் தீர்ந்ததாக ஒரே வரியில் அறிவித்தது. சொத்தையும் அடகிலிருந்து விடுவித்தது. எக்காளம் ஊதியது போன்ற சட்டம் அது. ஆயினும் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டவர்கள் மீட்கப்பட்ட செய்தி இன்றும் வருகிறது. மீட்கப்பட்டவர்களில் சிலர் திரும்பவும் சூளைக்குப் போகும் செய்தியும் வருகிறது. விடுவிக்கிறவனை வெறுங்கையாய் அனுப்பாதே, உன் மந்தையிலும் களத்திலும் ஆலையிலும் இருந்து தாராளமாகக் கொடுத்து அனுப்பு என்று உபாகமம் 15:13-14 சொல்வதன் காரணம் இதுதான். 2016இன் மத்திய அரசுத் திட்டம் மறுவாழ்வுக்கு ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரை வகைசெய்தது. ஆனால் முழுத்தொகையும் குற்றவாளிக்குத் தண்டனை உறுதியாவதைச் சார்ந்திருந்தது. அதுவரை அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும் என்பதை உபாகமம் எழுதியவர் யோசித்திருக்கிறார்.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணிக்கணக்கு வட்டி என்று பெயர்களைச் சொல்லியே தடைசெய்யும் சட்டம் 2003 முதல் இங்கு உண்டு. அது இருக்கும்போதே, 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வட்டிக் கொடுமைக்காக ஒரு குடும்பமே, குழந்தைகள் உட்பட, தீயில் மாண்டது. 2025 ஏப்ரலில் சட்டமன்றம், கடன் வசூலில் வலுக்கட்டாயத்தைத் தடுக்கும் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. கடன் வாங்கியவரைப் பின்தொடர்வதையும் அவர் வீட்டுக்கு வந்து தொல்லை கொடுப்பதையும் அது குற்றமாக்குகிறது. உபாகமம் 24 கடன் கொடுத்தவனை நிறுத்திய அதே வாசற்படியில் நம் சட்டமும் வந்து நிற்கிறது.

மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. இந்தச் சட்டங்கள் சகோதரனுக்கு உரியவை. அந்நியனிடம் கடனை வசூலிக்கலாம் என்கிறது உபாகமம் 15:3. யூபிலியை அறிவிக்கும் லேவியராகமம் 25, தன் 44 முதல் 46 வரையான வசனங்களில் பிற இனத்து அடிமைகளைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப்போக அனுமதிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமை முறையை ஆதரித்த போதகர்கள் இந்த வசனங்களைத்தான் காட்டினார்கள். அதே அதிகாரத்தின் பத்தாம் வசனம் பிலடெல்பியாவின் சுதந்திர மணியில் பொறிக்கப்பட்டிருந்தது. அடிமை ஒழிப்பாளர்கள் அந்த மணியைத் தங்கள் சின்னமாக்கிக்கொண்டார்கள். ஒரே அதிகாரம் இரு தரப்புக்கும் வசனம் கொடுத்தது. கிறிஸ்தவர் எந்தப் பக்கம் வாசிப்பது என்பதை லூக்கா பத்தில் சமாரியனின் கதை தீர்த்துவிட்டது என்றே நம்புகிறேன். பிறன் யார் என்ற எல்லைக் கோட்டை இயேசு அங்கே அழித்தார். கோடு அழிந்தபின் 44ஆம் வசனத்தின் அனுமதியும் நிற்காது.

இனிச் செய்ய வேண்டியது என்ன என்று கேட்டால், நெகேமியா தொடங்கிய இடத்திலிருந்தே தொடங்கலாம் என்பேன். நம் சபைகளும் மறைமாவட்டங்களும் பேராயங்களும் கடன் கொடுத்தவர்களின் பட்டியலில் இருக்கின்றன. நிலம், வாடகைக் கட்டடம், மருத்துவமனை, பள்ளி, கல்லூரி எல்லாவற்றிலும் அவற்றுக்கு வரவேண்டிய பாக்கி உண்டு. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், மாற்றுச் சான்றிதழ் கல்விக் கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல என்று சொல்லி, பாக்கிக்காக அதை நிறுத்திவைப்பதைக் கண்டித்தது. அது எல்லாத் தனியார் பள்ளிகளுக்கும் சொல்லப்பட்ட தீர்ப்பு. ஆனால் யாத்திராகமம் 22இன் போர்வையை அறிந்தவர்கள் நடத்தும் பள்ளிக்கு அது நீதிமன்றம் சொல்லித் தெரிய வேண்டிய செய்தி அல்ல. அந்தச் சான்றிதழைப் பிடித்துவைப்பது பிள்ளை வேறு பள்ளிக்குப் போகும் வழியை மறிப்பது.

பொன்விழாவும் நூற்றாண்டு விழாவும் கொண்டாடும் சபைகள் அந்த ஆண்டில் மலர் வெளியிடுகின்றன, நினைவு வளைவு கட்டுகின்றன. அவற்றோடு தங்கள் நிறுவனங்களின் பாக்கிப் பேரேட்டையும் சபைக் கூட்டத்தில் திறக்கலாம். கட்ட வழியில்லாதவர்களின் கணக்கை அந்தக் கூட்டத்திலேயே முடிக்கலாம். அதன்பின் ஏழாண்டுக்கு ஒருமுறை இது நடக்கும் என்று சபை விதியில் எழுதி, அடுத்த தேதியையும் அந்தக் கூட்டத்திலேயே குறிக்கலாம். அடுத்து வரும் ஆயரும் தாளாளரும் நல்ல மனம் உள்ளவர்களா என்பதை ஏழைப் பெற்றோர் அறிந்திருக்கத் தேவையில்லை; தேதியை அறிந்திருந்தால் போதும்.